மீண்டும் நிற்கக் கற்றல்

மனிதன் இரண்டு கால்களால் நிற்கின்றான், நடக்கின்றான், ஓடுகின்றான். இவை எவ்வகை முயற்சியுமின்றித் தாமே நிகழ்வனபோல நமக்குத் தோன்றுகின்றன. ஆயினும், தவழ்ந்து திரியும் குழந்தை எழுந்து நிற்பதற்கு எத்துணைப் பாடுபடுகின்றது! பன்முறை விழுந்து, பன்முறை எழுந்து, அது தானே கற்றுக்கொள்ளும் அக்கல்வியை மனிதனின் முதற்கல்வி எனலாம். வளர்ந்து ஆளான பின்னர் அம்முதற்கல்வியை மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்க நேரிடுவோரும் உளர். முழங்காலின் இணைப்பு நார் அறுந்து, அறுவை மருத்துவம் செய்துகொண்டோர் அத்தகையோர் ஆவர். அவர்கள் இழந்தது யாது, மருத்துவர் திருப்பித் தந்தது யாது, அவர்களே முயன்று பெறவேண்டுவது யாது என்பனவற்றை இங்குக் காண்போம்.

அரியலூர் மாவட்டத்தில் விக்கிரமங்கலம் என்னும் ஊர் உள்ளது. அவ்வட்டாரத்தைச் சேர்ந்த மற்றொரு சிற்றூர் சிறீபுரந்தான். அவ்வூர்க் கோயிலிலிருந்து சோழர் காலத்துச் செப்புத் திருமேனி ஒன்று களவாடப்பட்டுக் கடல் கடந்தது. ஆசுத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடம் 2008 ஆம் ஆண்டில் அதனைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கிற்று. களவு வெளிப்பட்ட பின்னர், 2014 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அத்திருமேனி இந்தியாவிற்குத் திருப்பித் தரப்பெற்றது. அஃது ஆடவல்லானின் திருவுருவம். வலக்கால் முழங்காலில் சற்றே வளைந்து ஊன்றி நிற்க, இடக்கால் குறுக்கே தூக்கி வீசப்பட்டிருக்கும் நிலையை நாம் கோயில்கள் பலவற்றில் கண்டிருக்கின்றோம்.

செப்புத் திருமேனி பீடத்தோடு பிணைக்கப்பட்டிருத்தலின் விழுவதில்லை. உயிருள்ள ஆடல் மகள் ஒருத்தி அந்நிலையில் நிற்பாளாயின், அவளைப் பிணைக்கும் பீடம் எதுவும் இல்லை. அவள் அசையாது நிற்பதுபோல நம் கண்களுக்குத் தோன்றும். உண்மையில் அவளுடைய கணுக்காலும் முழங்காலும் இடுப்பும் இமைப்பொழுதும் ஓய்வின்றி இப்புறமும் அப்புறமும் சிறிதளவு சாய்ந்து, சாய்ந்த அளவிற்குத் திருந்திய வண்ணம் உள்ளன. நிற்றல் என்பது அசைவின்மை அன்று. விழுதலை நொடிதோறும் தடுத்துக்கொண்டிருக்கும் இடையறாத தொழில் ஆகும்.

பறவைகளுள் சில இத்தொழிலினின்று விலக்குப் பெற்றுள்ளன. கோடியக்கரைக்கு வரும் பூநாரைகள் நெடுநேரம் ஒற்றைக் காலில் நின்று உறங்குதலைக் காணலாம். உயிரற்ற பூநாரையின் உடலையும் ஒற்றைக் காலின்மேல் நிறுத்தினால் அது நிலைத்து நிற்கக் கண்டனர், 2017 ஆம் ஆண்டில் ஆய்வு வெளியிட்ட அமெரிக்க அறிஞர் இருவர். அப்பறவையின் காலமைப்பு, தசையின் துணையின்றியே உடலைத் தாங்கவல்லது. மனிதனுக்கு அத்தகைய அமைப்பு வாய்க்கவில்லை. நாம் நிற்பதற்கு எலும்பு மட்டும் போதாது, தசை வேண்டும், தசையை ஏவும் மூளை வேண்டும், மூளைக்குச் செய்தி கொண்டுவரும் உணர்வும் வேண்டும்.

இதனை நீங்களே ஆராய்ந்து அறியலாம். சுவரின் அருகே ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். சிறிது நேரம் எளிதாகவே நிற்பீர்கள். பின்னர்க் கண்களை மூடிக்கொள்ளுங்கள். உடனே உடல் தள்ளாடும். கை சுவரை நாடும். கண்ணைத் திறந்திருந்தபோது இல்லாத தள்ளாட்டம் மூடியவுடன் எங்கிருந்து வந்தது? உடலின் நிலையை மூளைக்கு உணர்த்துவன மூன்று. கண் ஒன்று, உட்செவியில் உள்ள நுண்ணிய கருவி மற்றொன்று, தசை, மூட்டு, உள்ளங்கால் ஆகியவற்றில் பரந்து கிடக்கும் நரம்பு முனைகள் மூன்றாவது. கண் விலகியபோது எஞ்சிய இரண்டும் முழுச்சுமையையும் தாங்க நேர்ந்தது. செருமானிய மருத்துவரான ரோம்பர்க்கு என்பார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, நோயாளியைக் கண்மூடி நிற்கச் செய்து நரம்பின் நிலையை அறியும் முறையை விளக்கினார். இன்றும் மருத்துவர்கள் அச்சோதனையைச் செய்துவருகின்றனர்.

மூன்றாவதாகக் கூறிய உணர்வே நம் பாடத்திற்கு இன்றியமையாதது. இருட்டில் கையை நீட்டினாலும், அது மடங்கியுள்ளதா நீண்டுள்ளதா என்பது நமக்குத் தெரிகின்றது. இவ்வுணர்வை ஆராய்ந்த ஆங்கில அறிஞர் செரிங்டன், 1906 ஆம் ஆண்டில் இதற்குத் தனிப்பெயர் ஒன்று சூட்டினார். அவர் 1932 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவர். நாம் இதனை உறுப்புநிலை உணர்வு எனலாம். களத்து மேட்டிலிருந்து தலையில் சுமையோடு வரப்பின்மீது நடந்து வரும் உழவர், தம் கால்களைக் குனிந்து பார்ப்பதில்லை. பாதம் சேற்றில் சிறிது சறுக்கினும், அவர் நினைக்குமுன்பே முழங்கால் திருந்திக்கொள்கின்றது. அங்ஙனம் திருத்துவது இவ்வுணர்வே ஆகும்.

இனி முழங்காலின் அமைப்பை நோக்குவோம். மேலே தொடை எலும்பு. கீழே கணைக்கால் எலும்பு. முன்னே காவல்போல அமைந்த சில்லு. தொடை எலும்பின் உருண்ட முனை, கணைக்கால் எலும்பின் ஏறத்தாழத் தட்டையான மேற்பரப்பின்மீது அமர்ந்துள்ளது. இடுப்பு மூட்டைப்போலக் கிண்ணத்துள் பந்து பொருந்திய அமைப்பு இங்கில்லை. ஆதலின், இவ்வெலும்புகள் வழுக்கி விலகாதவாறு நான்கு வலிய நார்கள் அவற்றைப் பிணைக்கின்றன. இரண்டு நார்கள் இரு பக்கங்களிலும் உள்ளன. மற்றை இரண்டும் மூட்டின் நடுவே சிலுவைபோல ஒன்றையொன்று குறுக்கிடுகின்றன. அவற்றுள் முன்னதனை முன்சிலுவை நார் என்பர். மூன்று சென்டிமீட்டர் அளவே நீளமுடைய இச்சிறு நார், கணைக்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமலும், அளவிற்கு மேல் திரும்பாமலும் காக்கின்றது. விளையாட்டுச் செய்திகளில் ஏ.சி.எல். என்று குறிக்கப்படுவதும், ஊரார் ஜவ்வு கிழிந்தது என்று கூறும்போது பெரும்பாலும் குறிப்பதும் இதுவே.

இந்நார் அறுவது எவ்வாறு? பிறர் மோதி அறுவதைவிட, ஆடுவோன் தானே திடீரென நிற்கும்போதும், திரும்பும்போதும், குதித்து இறங்கும்போதும் அறுவதே மிகுதி. நம் ஊர்களில் ஆடப்பெறும் சடுகுடுவை நினைத்துப் பாருங்கள். பாடிச் செல்பவன் எதிரணியின் எல்லைக்குள் விரைந்து புகுகின்றான், ஒருவனைத் தொடுகின்றான், தொட்ட நொடியிலேயே ஒரு காலை ஊன்றி உடலைத் திருப்பி நடுக்கோட்டை நோக்கிப் பாய்கின்றான். பாதம் மண்ணில் பதிந்திருக்க, உடல் மட்டும் திரும்புகின்றது. அத்திருக்கத்தின் விசை முழுவதும் முழங்காலின்மேல் விழுகின்றது. அந்நேரத்தில் சிலர் முழங்காலுக்குள் ஏதோ முறிந்ததுபோன்ற ஒலியைக் கேட்கின்றனர். சில மணி நேரத்திற்குள் மூட்டு வீங்குகின்றது. அதனைச் சுளுக்கு என்று எண்ணி உருவி விடுதல் தவறு. வீக்கம் விரைந்து தோன்றுமாயின் மருத்துவரிடம் காட்டுதலே முறை.

அறுந்த சிலுவை நார் பெரும்பாலும் தானாக ஒட்டிப் பழைய வலிமையைப் பெறுவதில்லை. 1895 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்சு நகரில் மேயோ இராப்சன் என்னும் அறுவை மருத்துவர், சுரங்கத் தொழிலாளர் ஒருவருடைய அறுந்த சிலுவை நார்களைத் தைத்து இணைத்தார். 1917 ஆம் ஆண்டில் ஏய் குரோவ்சு என்பார், நோயாளியின் தொடையிலிருந்தே உறைப்பட்டை ஒன்றை எடுத்துப் புதிய நாராக அமைத்தார். இன்றைய முறையும் இக்கருத்தின் வழிவந்ததே. மருத்துவர் சிறு துளைகளின் வழியே மெல்லிய நோக்குகுழலை மூட்டினுள் செலுத்துகின்றார். தொடையின் பின்புறத் தசைநாணையோ, சில்லின் கீழுள்ள தசைநாணின் ஒரு பகுதியையோ எடுத்து, இரண்டு எலும்புகளிலும் துளையிட்டு, அறுந்த நார் இருந்த இடத்தில் அதனைப் பொருத்துகின்றார். அறுவை முடிந்தவுடன் எலும்புகளைப் பிணைக்கும் கயிறு மீண்டும் கிடைத்துவிடுகின்றது.

கயிறு கிடைத்தது, உணர்வு கிடைத்ததா என்பதே வினா. நெடுங்காலமாக மருத்துவர்கள் இணைப்பு நாரை வெறுங்கயிறு என்றே கருதிவந்தனர். 1965 ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் ஃபிரீமன் என்பாரும் அவருடைய துணைவரும் கணுக்கால் சுளுக்குற்றவர்களை ஆராய்ந்தனர். காயம் ஆறிய பின்னும் சிலருடைய கால் மீண்டும் மீண்டும் மடங்கியது. நாரோடு அதிலுள்ள நரம்பு முனைகளும் அறுந்தமையே அதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். ஆடும் பலகையின்மேல் நின்று பழகியோருக்கு அக்குறை குறைந்ததையும் கண்டனர். 1984 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள், மனிதனின் முழங்காற் சிலுவை நார்களுக்குள்ளேயே உணர்வு முனைகள் இருத்தலை நுண்ணோக்கியால் காட்டினர். ஆகவே, நார் என்பது கயிறு மட்டும் அன்று. மூளைக்குச் செய்தி அனுப்பும் தூதனும் ஆகும். நார் அறும்போது தூதும் அறுகின்றது. மருத்துவர் பொருத்தும் புதிய நார் தொடக்கத்தில் தூதறியாத கயிறே ஆகும்.

இதனால் உறுதி, சமநிலை என்னும் இரண்டும் வேறுவேறு என்பது விளங்கும். எலும்பு விலகாது நிற்றல் உறுதி. உடல் விழாது நிற்றல் சமநிலை. உறுதியை அறுவை மருத்துவர் ஒரு நாளில் தரலாம். சமநிலையை எவரும் தர இயலாது. அதனைக் கற்றே பெறுதல் வேண்டும்.

இதனோடு மற்றொரு குறையும் சேர்கின்றது. மூட்டு வீங்கியிருக்கும்போது, தொடையின் முன்புறத் தசையை முழு வலிமையோடு இயங்காதவாறு நரம்பு மண்டலம் தடுத்துவிடுகின்றது. எவ்வளவு முயன்றாலும் அத்தசை முழுதும் இறுகுவதில்லை. இயங்காத தசை சில கிழமைகளிலேயே மெலிகின்றது. அறுவை செய்துகொண்டவருடைய தொடைகள் இரண்டையும் ஒப்பிட்டால், ஒன்று மற்றொன்றைவிடச் சிறுத்திருத்தலைக் கண்ணாலேயே காணலாம்.

இப்பொழுது ஓர் இளைஞனைக் கற்பனை செய்துகொள்வோம். அவன் விக்கிரமங்கலத்தைச் சேர்ந்தவன்; சடுகுடுவில் வல்லவன். புரட்டாசியில் அவன் முழங்கால் நார் அறுந்தது. ஐப்பசியில் அறுவை நடந்தது. தை பிறக்கின்றது. பொங்கல் விழாவில் ஊர் அணி களம் இறங்குகின்றது. அவனுக்கு இப்பொழுது வலி இல்லை, வீக்கம் இல்லை, நடையிலும் குறை தெரியவில்லை. நண்பர்கள் வந்து அழைக்கின்றனர். “வலிதான் போய்விட்டதே, இனி என்ன தடை?” என்று அவனும் எண்ணுகின்றான். அவன் ஆடலாமா?

ஆடுதல் கூடாது. அதற்குரிய காரணத்தை அறிந்துகொள்ளுதல் வேண்டும். பொருத்தப்பட்ட தசைநாண் தனக்குரிய குருதி ஓட்டத்தை இழந்து வந்த பொருள். புதிய இடத்தில் அதனுள் குருதிக் குழல்களும் உயிரணுக்களும் மெல்ல மெல்லப் புகுந்து, பழைய இழைகளைக் கரைத்துப் புதிய இழைகளை நெய்கின்றன. பழைய வீட்டைப் பிரித்துப் புதியது கட்டும்போது, பிரித்ததற்கும் கட்டியதற்கும் இடைப்பட்ட காலத்தில் வீடு வலுவற்றிருப்பதுபோல, அறுவைக்குப் பின் வரும் சில திங்கள்களில் அந்நார் பொருத்திய நாளில் இருந்ததைவிடவும் வலிமை குன்றியிருக்கின்றது. வலி நீங்கும் காலமும் நார் நலிந்திருக்கும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. முழுமையாகப் பண்படுவதற்கு ஓராண்டும், அதற்கு மேலும் ஆகின்றன. வலி இன்மை நலம் பெற்றமைக்குச் சான்று ஆகாது.

நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதனை எண்ணால் காட்டுகின்றது. அறுவைக்குப் பின் ஒன்பதாம் திங்கள் வரை, ஆட்டத்திற்குத் திரும்புவதை ஒவ்வொரு திங்கள் தள்ளிவைக்குந்தோறும், முழங்கால் மீண்டும் காயமுறும் விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு தொகுப்பாய்வு, இருபத்தைந்து வயதிற்கு உட்பட்டு மீண்டும் விளையாட்டிற்குத் திரும்பியோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு இரண்டாம் முறையும் நார் அறுந்ததாகக் கூறுகின்றது. அவ்வாறு அறுவது எப்பொழுதும் அறுவை செய்த காலிலேயே அன்று. சில வேளைகளில் நலமாக இருந்த மற்றைக் காலிலும் ஆம். ஒரு கால் தயங்கும்போது மற்றொரு கால் மிகுசுமை ஏற்பதும், ஒரு காலின் காயத்தால் உடல் முழுவதன் சமநிலையும் குன்றுவதும் இதற்குக் காரணங்களாகக் கருதப்படுகின்றன.

ஆகவே, அவ்விளைஞன் இடைக்காலத்தில் செய்யவேண்டுவது என்ன? இயன்முறை மருத்துவர் அவனுக்குப் படிப்படியாகப் பயிற்சி அளிப்பார். முதற்படியில் வீக்கத்தைக் குறைத்தலும், முழங்காலை முழுதும் நீட்டப் பழகலும், தொடைத் தசையை இறுக்கித் தளர்த்தலும் நிகழும். அடுத்து, கோலூன்றி நடத்தலும், பின்னர்க் கோலை விடுத்து இரு கால்களிலும் எடையைச் சமமாகப் பகிர்ந்து நிற்றலும் வரும். இரண்டாவது எளிதெனத் தோன்றும். ஆனால், அறுவை செய்துகொண்டோர் தம்மை அறியாமலே நல்ல காலின் பக்கம் சாய்ந்து நிற்பர். கண்ணாடியின் முன் நின்று பார்த்தால்தான் அச்சாய்வு புலப்படும்.

அதன் பின்னர் ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி தொடங்கும். முதலில் சுவரையோ திண்ணைத் தூணையோ பற்றி நிற்றல். பின்பு பற்றாமல் நிற்றல். பின்பு கண்ணை மூடி நிற்றல். அதன்பின் மடித்த போர்வையின்மீது நிற்றல். இறுதியில் ஆடும் பலகையின்மீது நிற்றல். இந்நிலைகள் அனைத்திலும் முழங்கால் விறைத்து நிற்றல் ஆகாது. சற்றே வளைந்து, பாதத்திற்கு நேர்மேலே அமைதல் வேண்டும். உட்புறமாகச் சரிதல் கூடாது. விறைத்த முழங்காலில் தசை உறங்கிவிடும். வளைந்த முழங்காலில் அது விழித்திருக்கும். ஆடவல்லானின் ஊன்றிய கால் வளைந்திருத்தலை நாம் முன்னர்க் கண்டோம். ஆடற்கலையினர் பழக்கத்தால் அறிந்ததனையே மருத்துவரும் கூறுகின்றார்.

மூன்று நான்கு திங்கள் கழிந்து, வீக்கமின்றி, தசை வலிமையும் போதிய அளவு பெற்ற பின்னரே நேர்கோட்டில் மெல்ல ஓடுதல் தொடங்கும். அதற்குப் பின்னர்க் குதித்தல், குதித்து இறங்குதல், திரும்புதல் ஆகியன ஒவ்வொன்றாக வரும். குதிப்பதைவிட இறங்குவதே அரிது. ஓசையின்றி மென்மையாக இறங்கக் கற்றவனே அடுத்த படிக்கு ஏறுவான்.

இப்பயிற்சியில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. முழங்காலிலிருந்து வரும் செய்தி குறைந்தபோது, மூளை கண்ணின் துணையை மிகுதியாக நாடுகின்றது. அறுவை செய்துகொண்டவன் அமைதியான அறையில், காலைப் பார்த்துக்கொண்டே நன்றாக நிற்கலாம். ஆனால், சடுகுடுக் களத்தில் அவன் கண் எதிரணியினரின் கைகளின்மேல் இருக்கும்; அவன் நெஞ்சம் மூச்சைக் காப்பதில் இருக்கும். அந்நிலையில் காலைக் கவனிக்கக் கண்ணும் இல்லை, கருத்தும் இல்லை. கால் தன்னைத்தானே காத்துக்கொள்ளக் கற்றிருத்தல் வேண்டும். இதனால்தான் இயன்முறை மருத்துவர், ஒற்றைக் காலில் நிற்பவனிடம் பந்தை எறிந்து பிடிக்கச் சொல்கின்றார். எண்களைப் பின்னோக்கி எண்ணச் சொல்கின்றார். கருத்து வேறிடத்தில் இருக்கும்போதும் விழாது நிற்பானாயின், அவன் கற்றவன் ஆகின்றான்.

களத்திற்குத் திரும்பும் நாளை நாட்காட்டி மட்டும் முடிவு செய்தல் ஆகாது. ஒன்பது திங்களேனும் கழிந்திருத்தல் வேண்டும். அதனோடு தேர்விலும் தேறுதல் வேண்டும். ஒற்றைக் காலால் தாவும் தொலைவையும், தொடைத் தசையின் வலிமையையும் இரண்டு கால்களுக்கும் அளந்து ஒப்பிடுவர். காயமுற்ற கால், மற்றைக் காலின் ஆற்றலில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கையேனும் எட்டுதல் வேண்டும் என்பது மருத்துவர் பலரும் கைக்கொள்ளும் அளவு. ஐப்பசியில் அறுவை செய்துகொண்டவன் ஆடிக்குப் பின்னரே இத்தேர்விற்கு உரியவன் ஆவான். அவன் ஆடவேண்டுவது இந்தத் தையில் அன்று. அடுத்த தையில் ஆகும்.

ஓராண்டுக் காத்திருப்பு வீணாவதில்லை என்பதற்குச் சென்னையே சான்று பகரும். இந்தியக் கிரிக்கெட் அணியின் விக்கெட் காப்பாளர் ரிசப் பண்ட், 2022 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள் விடியற்காலையில், உத்தரகாண்டு மாநிலத்து ரூர்க்கி நகரின் அருகே கார் விபத்திற்கு உள்ளானார். அவருடைய வலமுழங்காலின் நார்கள் கிழிந்தன. அடுத்த திங்களில் மும்பையில் அறுவை மருத்துவம் நடைபெற்றது. விக்கெட் காப்பாளரின் தொழில் முழங்காலையே நம்பியது. பந்து வீசப்படுந்தோறும் அவர் குந்தி எழுதல் வேண்டும். அத்தகையவர் கைக்கோல்களின் துணையால் நடக்கத் தொடங்கினார். நீச்சற்குளத்து நீரினுள் மெல்ல நடந்து பழகினார். இடுப்பளவு நீரில் நிற்பவனுடைய கால்கள் உடல் எடையில் ஏறத்தாழப் பாதியையே தாங்குதலின், தொடக்க நிலையில் நீர் நல்ல பயிற்சிக்களம் ஆகும். பின்னர்ப் பெங்களூரில் உள்ள தேசியக் கிரிக்கெட் பயிற்சிக் கழகத்தில் பல திங்கள் பயின்றார். விபத்து நிகழ்ந்து ஏறத்தாழப் பதினைந்து திங்கள் கழித்து, 2024 ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் மீண்டும் களம் கண்டார். அதே ஆண்டு செப்டம்பரில், சென்னைச் சேப்பாக்கத்தில் வங்காளதேசத்திற்கு எதிரான ஐந்துநாள் ஆட்டத்தில் 109 ஓட்டங்கள் எடுத்தார். அவர் மீண்டும் ஆடிய முதல் ஐந்துநாள் ஆட்டம் அதுவே.

அவருக்குக் கிடைத்த வசதிகள் சிற்றூர் இளைஞனுக்குக் கிடைக்குமா என்று நீங்கள் வினவலாம். எல்லாம் கிடைத்தல் அரிதே. எனினும், முன்னாளில் இருந்த நிலை இன்று இல்லை. அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஒன்று 2022 ஆம் ஆண்டு சனவரியில் தொடங்கப்பெற்றது. 2021 ஆம் ஆண்டு ஆகத்து 5 ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் திட்டம், தேவைப்படுவோரின் இல்லத்திற்கே சென்று அளிக்கும் பணிகளுள் இயன்முறை மருத்துவமும் ஒன்று. மேலும், சமநிலைப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டுவதில்லை. சுவர், தூண், மடித்த போர்வை, ஒரு பந்து ஆகியவை எந்த இல்லத்திலும் உள்ளன. முறையறிந்து கற்பிக்க ஒருவரும், நாள்தோறும் தவறாது செய்யும் உறுதியும் இருப்பின், சிற்றூரிலும் இக்கல்வியைப் பெறலாம்.

நார் அறுந்தோர் அனைவருக்கும் அறுவை இன்றியமையாதது என்றும் கொள்ளல் வேண்டா. சுவீடன் நாட்டு ஆய்வு ஒன்றில், முதலில் பயிற்சியை மட்டும் மேற்கொண்டு, தேவை நேர்ந்தால் பின்னர் அறுவை செய்துகொள்ளலாம் என்று விடப்பட்டோருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஐந்தாண்டுகள் சென்ற பின்னும் அறுவை தேவைப்படவில்லை. எவர்க்கு எது தக்கது என்பதை மருத்துவரே ஆராய்ந்து கூறுவார். ஆனால், அறுவை செய்துகொண்டோருக்கும் செய்யாதோருக்கும் பயிற்சி மட்டும் பொதுவானது. பயிற்சியின்றி நலம் பெறும் வழி இல்லை.

நார் அறாத நமக்கும் இதனால் ஒரு பயன் உண்டு. காயமுற்றவன் பின்னர்க் கற்பதனை நாம் முன்னரே கற்றுக்கொள்ளலாம். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் மருத்துவ அறிஞர்கள் வகுத்த தொடக்கப் பயிற்சியில், ஏறத்தாழ இருபது நிமிடங்களில் ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, மென்மையாகக் குதித்து இறங்குதல் ஆகியன அடங்கும். முறையாக அதனைச் செய்த அணிகளில் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு அளவேனும் குறைந்தன என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. கால்பந்து, கூடைப்பந்து முதலிய ஆட்டங்களில் மாணவியருக்கு இந்நார் அறும் வாய்ப்பு மாணவரைவிட இருமடங்கோ அதற்கு மேலோ ஆதலின், அவர்களுக்கு இப்பயிற்சி மிகவும் வேண்டற்பாலது. ஆட்டம் தொடங்குமுன் செலவிடும் இருபது நிமிடங்கள், ஓராண்டை இழவாமல் காக்கக்கூடும்.

உங்கள் நண்பன் ஒருவன் அறுவைக்குப் பின் களத்தின் ஓரத்தில் அமர்ந்திருப்பானாயின், அவனை அஞ்சியவன் என்று எள்ளாதீர்கள். வலி இல்லையே என்று வற்புறுத்தி அழையாதீர்கள். அவன் சோம்பி இருக்கவில்லை. குழந்தைப் பருவத்தில் ஒருமுறை கற்ற கலையை, அறிவோடும் பொறுமையோடும் இரண்டாம் முறை கற்றுக்கொண்டிருக்கின்றான். அவனோடு சேர்ந்து நாள்தோறும் சிறிது நேரம் நீங்களும் ஒற்றைக் காலில் நின்று பழகுங்கள். அவன் நிற்கக் கற்பதற்கு உங்கள் துணை உதவும். நீங்கள் விழாதிருப்பதற்கு அவன் கல்வி உதவும்.